“இனி வராதுன்னு அவங்கதானே எழுதியிருந்தாங்க?”

ஆன்லைன் விளையாட்டில் சிலருக்கு மட்டும் என்று கொடுத்த பரிசை, பிறகு எல்லோருக்கும் கொடுக்கலாமா? கால் நூற்றாண்டாக நடக்கும் சண்டையின் கதை.

அக்கா மகன் திருச்சியில் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பரீட்சையில் ஏதாவது ஆகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

“குடுத்துட்டாங்க மாமா” என்றான் என்னிடம்.

“எதைடா?”

“என் கோட்டை. எல்லாருக்கும் குடுத்துட்டாங்க.”

விஷயம் இதுதான். அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு செல்போன் விளையாட்டில் (பெயர் வேண்டாம்) கறுப்புக் கோட்டும் நரி முகமூடியும் பரிசாக அறிவித்தார்கள். தினமும் கொடுக்கிற வேலைகளை மூன்று வாரம் ஒரு நாள் விடாமல் முடித்தால் கிடைக்கும். நடுவில் காலாண்டு விடுமுறை வந்து பாட்டி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறான். கொசுக்கடி பட்டு வாங்கிய கோட்டு. இந்த ஈவென்ட் முடிந்தால் இனி வராது என்று அதன் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்ததாம்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடி நிற்கும் இடத்துக்கு லாபி என்று பெயர். அங்கே அந்தக் கோட்டோடு நின்றால், முன்பின் தெரியாதவர்கள்கூட “ப்ரோ, ஓல்டு பிளேயரா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக மூன்று வருடமாக வேறு உடையே மாற்றாமல் இருந்திருக்கிறான். இப்போது அதே கோட்டு, அதே முகமூடி, பண்டிகைச் சலுகையில் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் அப்பாவை நச்சரித்து டாப்-அப் போட்டு, அரை மணியில் வாங்கி மாட்டிக்கொண்டான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. “உன் கோட்டு உன்கிட்டயேதானே இருக்கு? அவன் போட்டா உனக்கு என்னடா குறைஞ்சுது?” என்றேன்.

“கோட்டு இருக்கு மாமா. ஆனா இனி வராதுன்னு அவங்கதானே எழுதியிருந்தாங்க?”

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மறுநாள் எதிர்வீட்டுப் பையனிடமும் பேச்சுக் கொடுத்தேன். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. “அப்ப நான் மூணாங்கிளாஸ் அங்கிள். எனக்கு யாரு போன் குடுப்பா?”

இந்த இரண்டு பையன்களின் வாதத்தைத்தான் உலகமெங்கும் கோடிக்கணக்கான பேர் வெவ்வேறு மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காகிதத் தொப்பிக்கு 214 கோடி

2001 கிறிஸ்துமஸ். ‘ரூன்ஸ்கேப்’ என்ற பிரிட்டிஷ் ஆன்லைன் விளையாட்டு அந்த ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. பண்டிகைக்காக அதை நடத்துபவர்கள் விளையாட்டு உலகத்தின் தரையெங்கும் ‘கிறிஸ்துமஸ் கிராக்கர்’களை இறைத்தார்கள். நம் ஊர்ப் பட்டாசு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் விருந்து மேசையில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் காகிதக் குழல் அது. படீரென்று பிரியும், உள்ளே ஒரு காகிதத் தொப்பி இருக்கும். விளையாட்டிலும் அப்படித்தான். இன்னொருவரோடு சேர்ந்து இழுக்க வேண்டும், தொப்பி யார் கைக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, வெள்ளை என ஆறு நிறங்கள். போட்டுக்கொண்டால் பலம் கூடாது, அடி தாங்காது. பலர் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதே ஆண்டு ஹாலோவீனுக்குக் கொடுத்த பூசணிக்காயின் கதி இன்னும் மோசம்: விளையாட்டில் அது தின்னக்கூடிய பொருள் என்பதால் நிறையப் பேர் தின்றே தீர்த்தார்கள்.

அந்தத் தொப்பிகள் பிறகு தரையில் விழவே இல்லை. ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். விளையாட்டை விட்டு ஒருவர் போனால் அவரோடு ஒரு தொப்பியும் போகும். இருப்பு குறையக் குறைய விலை ஏறியது. நீலத் தொப்பிக்குத் தனி மவுசு. ஒரு கட்டத்தில் விலை 214,74,83,647 காசைத் தொட்டு நின்றது. ஏன் அந்த எண்? அந்த விளையாட்டில் அப்போது ஒருவர் கையில் அதற்குமேல் காசே வைத்திருக்க முடியாது. 32 பிட்டில் எழுதப்படும் எண்ணின் உச்ச வரம்பு அது. தொப்பியின் மதிப்பு கணினிக்கு எண்ணத் தெரிந்த அளவைத் தாண்டிவிட்டது! பிறகு காசோடு வேறு பொருள்களையும் சேர்த்துக் கொடுத்துத்தான் பேரம் முடித்தார்கள்.

2013-ல் அதே நிறுவனம், 2007-ம் ஆண்டு எடுத்துவைத்திருந்த பழைய பிரதியை உயிர்ப்பித்து ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்று தனி விளையாட்டாக விட்டது. எல்லோரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அங்கே கிறிஸ்துமஸ் நேரத்தில் வந்தவர்களுக்கெல்லாம் இதே தொப்பி கிடைத்தது. அதே படம், அதே நிறம். அதைப் போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு நாம் சிரிக்க முடியாது. பரிவட்டம் என்பது என்ன? ஒரு முழத் துணி. துணிக்கடையில் அதன் விலையைக் கேட்டால் ஒரு நாள் டீச் செலவுகூட வராது. அதை யார் தலையில் முதலில் கட்டுவது என்று நீதிமன்றப் படியேறிய குடும்பங்களும் ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. திருவிழாவையே நிறுத்தியது உண்டு. வந்த எல்லோருக்கும் கட்டிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும், பரிவட்டமும் தீர்ந்துவிடும். பிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலாளர் 1976-ல் இந்த வகைப் பொருளுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார். பக்கத்தில் இருப்பவனிடம் இல்லாததால்தான் அதற்கு மதிப்பு. அதை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வழியில்லை, கொடுத்த நிமிடமே அது வேறு பொருளாகிவிடும்.

ஆகவே, “அவன் போட்டா உனக்கு என்ன குறைஞ்சுது?” என்று நான் கேட்டது தப்பான கேள்வி. குறைந்துதான் போயிற்று. அக்கா மகனிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் குறையக் கூடாது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி.

கறுப்பு வண்டு

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டுக்குப் போக வேண்டும். 2004 நவம்பரில் வந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2006 ஜனவரியில் அதில் ஒரு பெரிய காரியம் நடந்தது. பாலைவனத்தில் ஆன்கிராஜ் என்ற கோட்டையின் வாசல் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு சர்வரிலும் உள்ளவர்கள் தாங்களே அதைத் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் ஊர் கூடிப் போர்த் தளவாடம் சேர்க்க வேண்டும்: செம்புக் கட்டி, தோல், காயத்துக்குக் கட்டும் துணி, சமைத்த மீன். ஆயிரக்கணக்கான பேர் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்னொரு பக்கம், யாராவது ஒருவர் நீண்ட பல பணிகளை முடித்து ஒரு செங்கோலை உருவாக்க வேண்டும். தனியாளாக அது நடக்காது. அவருடைய குழுவில் பல பத்துப் பேர் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு உதவினால்தான் உண்டு. செங்கோல் வந்ததும் கோட்டை வாசலில் இருக்கும் பெரிய சேகண்டியை அடிப்பார். முதல் அடி விழுந்ததிலிருந்து பத்து மணி நேரம். அதற்குள் செங்கோலோடு வந்து அடித்தவர்களுக்கு மட்டும் ஏறிச் செல்ல ஒரு கறுப்பு வண்டு கிடைத்தது. மற்ற நிற வண்டுகள் கோட்டையின் உள்ளே இருக்கும் கோவிலுக்குள் மட்டும்தான் ஓடும். கறுப்பு வண்டு எங்கும் போகும். பிறகு ‘ஸ்கேரப் லார்ட்’ என்ற பட்டமும் சேர்ந்தது.

பத்து மணி நேரத்துக்குப் பிறகு அந்தச் சர்வரில் அது யாருக்கும் கிடையாது. இதை எல்லோருக்கும் கொடு என்று கேட்டவர்கள் குறைவு. ஏனென்றால் அந்த வண்டின் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 2019-ல் பழைய விளையாட்டை ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். 2020-ல் அங்கே மறுபடி தளவாடம் சேர்த்து, மறுபடி சேகண்டி அடித்து, புதிதாகக் கறுப்பு வண்டு வாங்கினார்கள். அதனால் 2006-ல் வாங்கியவரின் மவுசு குறைந்ததாக எனக்குப் படவில்லை. புதியவரும் படவேண்டிய பாட்டைப் பட்டுத்தான் வாங்கினார்.

சிக்கல் ஆரம்பித்தது 2017-ல். அந்த ஆண்டு வந்த ‘மேஜ் டவர்’ என்ற கோபுரத்துக்குள் ஆள் தனியாகப் போக வேண்டும். கூட்டாளி கிடையாது. உங்கள் கதாபாத்திரத்தின் வகைக்குத் தகுந்த எதிரி உள்ளே காத்திருப்பான். ஐம்பது முறை, நூறு முறை செத்தவர்கள் உண்டு. ஜெயித்தால் உங்கள் ஆயுதத்துக்கு ஒரு தனித் தோற்றம். மொத்தம் 36 வகை. 2018 கோடையில் கோபுரம் மூடப்பட்டது. அத்தோடு அந்தத் தோற்றங்களும் நின்றன.

மூன்று வருட வேண்டுகோளுக்குப் பிறகு 2021 இறுதியில் கோபுரம் திரும்பியது. அதே எதிரிகள், பலருடைய கணக்கில் முன்பைவிடக் கடினம். ஜெயித்தவர்களுக்குப் பரிசு மட்டும் வேறு. பழைய ஆயுதத் தோற்றம் பழையவர்களுக்கே என்று நிறுத்திக்கொண்டார்கள்.

இது நியாயமா? பாதி நியாயம் என்பேன். கோபுரம் திறமைக்கு வைத்த பரீட்சை. பரீட்சையை மறுபடி நடத்துகிறீர்கள், ஒருவன் பாஸும் செய்கிறான், ஆனால் பழைய சான்றிதழ் அவனுக்குக் கிடையாது. அவன் செய்த தப்பு, 2017-ல் பத்து வயதாக இருந்தது. திறமைக்கென்று அறிவித்த பரிசு கொஞ்ச காலத்தில் பிறந்த தேதிக்கான பரிசாகிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் கேட்டதும் இதைத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கோபுரம் திறந்த முதல் வாரத்தில் ஜெயித்தவருக்கும், நல்ல கவசங்கள் எல்லாம் வந்து எளிதாகிவிட்ட கடைசி மாதத்தில் ஜெயித்தவருக்கும் ஒரே ஆயுதம்தான். கடைசி மாதக்காரர் பழையவர் என்று மார்தட்டும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பழையவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள்? அலங்காநல்லூரில் மாடு பிடித்தவருக்குப் பீரோவும் கட்டிலும் கொடுக்கிறார்கள். அதே பீரோ மதுரைக் கடைவீதியில் வரிசையாக நிற்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்காக எந்த மாடுபிடி வீரரும் வருத்தப்பட்டதில்லை. ஏனென்றால் அவர் பிடித்ததை ஊர் பார்த்தது. பத்து வருடம் கழித்தும் டீக்கடையில், “அன்னிக்கு அந்தக் காளையை இவன்தான்யா பிடிச்சான்” என்று சொல்ல ஆள் இருக்கும். ஆன்லைனில் அப்படி ஊர் கிடையாது. லாபியில் நிற்கும் நூறு பேரும் அந்த நிமிடம் வந்தவர்கள், அடுத்த நிமிடம் போகிறவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிமேல் நடந்ததற்கு அந்தக் கோட்டு மட்டும்தான் சாட்சி. சாட்சியை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டால் நடந்ததே பொய் மாதிரி ஆகிவிடும்.

ஆக, ஒரே துணியில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது: அழகான உடை ஒன்று, சாட்சி ஒன்று. இரண்டையும் பிரிக்க முடிந்தால் சண்டையில் முக்கால்வாசி முடிந்துவிடும். பிரிப்பது முடியாத காரியமும் இல்லை. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எலும்புக்கூட்டின் ஊதா ஒளி

‘போர்ட்நைட்’ 2017 செப்டம்பரில் தன் நூறு பேர் மோதும் ஆட்டத்தைத் தொடங்கியது. அந்த அக்டோபரில், ஹாலோவீனுக்கு ‘ஸ்கல் ட்ரூப்பர்’ என்ற எலும்புக்கூட்டு உடையைக் கடையில் விற்றார்கள். அப்போது விளையாடியவர்கள் குறைவு, வாங்கியவர்கள் அதைவிடக் குறைவு. சில மாதங்களில் விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. எலும்புக்கூட்டு உடை போட்டவர் பெரிய மனிதரானார். சுமார் ஒரு வருடம் கழித்து, 2018 அக்டோபரில், அதே உடை மறுபடி கடைக்கு வந்தது. ஆனால் முதல் வருடம் வாங்கியவர்களின் எலும்புக்கூட்டுக்கு மட்டும் ஊதா நிறத்தில் ஒளிரும் தோற்றம் ஒன்றை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். உடை எல்லோருக்கும், சாட்சி பழையவர்களுக்கு. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அதே நிறுவனம் 2024-ல் ஒரு கூத்தும் அடித்தது. 2019-ல் விற்று, இனி வராது என்று வைத்திருந்த ‘பாரடைம்’ என்ற உடை, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று கடையில் வந்து நின்றது. விட்டால் கிடைக்காது என்று மக்கள் பாய்ந்து வாங்கினார்கள். அப்புறம்தான் நிறுவனம் விழித்துக்கொண்டது: தவறுதலாக வைத்துவிட்டோம். வாங்கியவர்களிடமிருந்து பிடுங்கவும் முடியாது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், காசையும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். 2019-ல் வாங்கியவர்களுக்கு மட்டும் புதுத் தோற்றம் ஒன்று செய்து தருவதாகவும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முறையாகக் காசு கொடுத்தவர் ஐந்து வருடம் முன்னால் கொடுத்தார், நிறுவனத்தின் தவறால் வாங்கியவருக்கு இலவசம்.

அதே மாதத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. அதைப் புரிந்துகொள்ள ‘பேட்டில் பாஸ்’ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்காகச் சொல்கிறேன். சீசன் ஒன்று சுமார் மூன்று மாதம். ஒரு தொகை கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் பொருள் கைக்கு வராது, விளையாட விளையாட ஒவ்வொன்றாகத் திறக்கும். சீசன் முடிந்தால் திறக்காதது போயிற்று. சீட்டுப் பணமும் கட்டு, உழைப்பும் கொடு என்பதுதான் இதன் சூட்சுமம். அதிலுள்ள பொருள்கள் பிறகு கடைக்கு வராது என்பதைச் சொல்லித்தான் பல வருடம் சீட்டு விற்றார்கள்.

2024 ஆகஸ்ட் 16-ல் தொடங்கிய சீசன் முதல் அது மாறும் என்றது போர்ட்நைட். இனி வரும் பாஸ்களின் பொருள்கள், பாஸ் முடிந்து 18 மாதமோ அதற்கு மேலோ ஆனபிறகு கடைக்கு வரலாம். அதற்கு முந்தைய பாஸ்களின் பொருள்களுக்கு இது பொருந்தாது. அப்போதும் ஒரே கூச்சல். எனக்கு அந்தக் கூச்சலில் உடன்பாடில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம், இனி அந்த வாக்கைக் கொடுக்க மாட்டோம் என்பதைவிட நேர்மையாக ஒரு கம்பெனி என்ன சொல்ல முடியும்? அக்கா மகனின் விளையாட்டு செய்யத் தவறியது இதைத்தான். அவர்கள் பழைய வாக்கின்மேலேயே கைவைத்தார்கள்.

கூச்சல் போட்டவர்கள் ஒரு நுட்பமான உண்மையை மறந்துவிட்டார்கள். காசு கட்டி வாங்கிய பாஸ், தேதிக்குள் வாங்கியதற்கான ரசீது. அது மேஜ் டவர் இல்லை, கறுப்பு வண்டு இல்லை. முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் மாதிரி. விசில் அடித்துப் பார்த்த பெருமை நமக்கு இருக்கட்டும். அதற்காகப் படத்தை இரண்டாம் நாளிலிருந்து யாருக்கும் காட்டாதே என்று தியேட்டர் வாசலில் மறியல் செய்வதா?

பூஜ்யத்தைத் தொட்ட கடிகாரம்

“இனி வராது” என்பது பழைய வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மரியாதை என்றுதான் நிறுவனங்கள் பேசும். உண்மையில் அந்த வரி யாருக்காக எழுதப்படுகிறது? இன்னும் வாங்காதவருக்காக. பின்னாலேயே ஒரு கடிகாரம் ஓடும்: 11 மணி, 10 மணி 59 நிமிடம், 10 மணி 58... ஜவுளிக்கடையின் ‘இன்றே கடைசி’ பலகை வருடம் முழுக்கத் தொங்குவதை நாம் பார்த்துப் பழகியவர்கள், நம்ப மாட்டோம். பத்து வயதுப் பிள்ளை நம்பும்.

நெதர்லாந்தின் நுகர்வோர் சந்தை ஆணையம் இதைத்தான் பிடித்தது. 2024 மே மாதம் போர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸுக்கு 11,25,000 யூரோ அபராதம் விதித்தது. குழந்தைகளை நேரடியாக “வாங்கு” என்று தூண்டியது ஒரு குற்றச்சாட்டு. பொருள் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது பற்றிக் கடிகாரம் பிள்ளைகளைத் தவறாக எண்ண வைத்தது இன்னொன்று. அதன்பின் அந்த நாட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, குறைந்தது 48 மணி நேரம் கடையில் இருக்கும் பொருள்களை மட்டுமே காட்ட வேண்டிவந்தது. ஒரு இரவு தூங்கி எழுந்து யோசிக்கிற அவகாசம். நம் நாட்டில் அப்படி 48 மணி நேர விதி இல்லை. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. உடை விற்கும் கடிகாரங்கள் அதன் கண்ணில் படவில்லை.

பாஸுக்குக் கடிகாரமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2021-ல் வந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’ தன் பாஸ்களுக்குக் காலாவதி கிடையாது என்றது. இன்று வாங்கி அடுத்த வருடம் விளையாடித் திறக்கலாம். 2024-ல் வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ அதே வழியில் போனது. அவசரப்படுத்தாததால் அந்த விளையாட்டு படுத்துவிடவும் இல்லை.

     

கோட்டு யாருடையது?

இவ்வளவு சண்டை போடுகிறோமே, அந்தப் பொருள் முதலில் நம்முடையதா? நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துகிற ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, இது உங்களுக்குத் தரப்படும் அனுமதி மட்டுமே என்று. கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, நீங்கள் வாங்குவது அனுமதி மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது.

இதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்காமலே கற்றுக்கொண்டவர்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைல் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சர்வர் நின்றது. வருடக்கணக்கில் சேர்த்த துப்பாக்கித் தோற்றங்கள் ஒரே நாளில் எட்டாமல் போயின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள், போன உயிர் வந்தது. 2022 ஜூலையில் அதையும் செயலிக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் மறுபடி வந்தது. இதற்கிடையில் 2022 பிப்ரவரியில் ப்ரீ ஃபயர் தடையாகி, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ப்ரீ ஃபயர் மேக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தடை வேண்டாம், நிறுவனம் ஒரு விதியை மாற்றினாலே போதும். 2025 அக்டோபர் 22 அன்று ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’-ல் ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதுவரை கத்தி என்பது காசு கொடுத்து ஆயிரம் அதிர்ஷ்டப் பெட்டி திறந்தால் இரண்டு மூன்றில் கிடைத்தாலே பெரிது என்ற பொருள். லட்சங்களில் விலை போன கத்திகள் உண்டு. இனி ஐந்து சிவப்பு ரகத் துப்பாக்கித் தோற்றங்களைக் கொடுத்து ஒரு கத்தி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கத்தி விலை சரிந்தது, சிவப்புத் தோற்றத்தின் விலை எகிறியது. ஓரிரு நாளில் மொத்தச் சந்தை மதிப்பில் நூறு கோடி டாலருக்கு மேல் கரைந்ததாகச் செய்திகள் சொல்லின. அரிது என்று நம்பிக் கத்தியில் காசு போட்டவர்கள், அரிதாக வைத்திருந்த கை யாருடையது என்பதை மறந்துவிட்டார்கள்.

அதனால், அரிதான பொருளை முதலீடாக நினைத்து வாங்கியவர், விலை குறைகிறது, மறுபடி விடாதே என்று கேட்டால் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அவருக்கு யாரும் விலையை உறுதி சொல்லவில்லை. ஆனால், தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஒன்றைச் சொன்னார்கள். எழுத்தில் சொன்னார்கள். அவன் அதை நம்பித் தன் மூன்று வாரத்தைக் கொடுத்தான். அதை உடைக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பையனுக்குக் கோட்டு வேண்டுமென்றால் அதே கோட்டை நீல நிறத்தில், நரிக்குப் பதில் வேறு முகமூடியோடு செய்து விற்கட்டும். தையல் கூலி ஒன்றும் அதிகம் ஆகிவிடாது. இனி அறிவிக்கிற பரிசுகளில் அந்த ‘இனி வராது’ வரியை எழுதவே வேண்டாம். பரீட்சை வைப்பதானால் வருடா வருடம் வைக்கட்டும். ஜெயித்த ஆண்டைப் பரிசின் ஓரத்தில் பொறித்துக் கொடுக்கட்டும். 2017 என்று பொறித்ததை 2025-காரர் எந்தக் காசுக்கும் வாங்க முடியாது.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “வருஷம் போட்டா போதும் மாமா, கோட்டை யாரு வேணா போட்டுக்கட்டும்” என்றான். அந்த விளையாட்டு நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினான். வந்தது தானியங்கிப் பதில்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பிள்ளை போனை நீட்டி, “இன்னும் ரெண்டு மணி நேரம்தான்பா, அப்புறம் வரவே வராது” என்றால், உடனே யூபிஐ பின் நம்பரைப் போட்டுவிடாதீர்கள். திட்டவும் வேண்டாம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடட்டும். சில நாள் கழித்து அவனோடு சேர்ந்து உட்கார்ந்து அதே கடையைத் திறந்து பாருங்கள்.